மன்னிப்புக் கேட்டபின் செய்யவேண்டியது
(மருத்துவமனைச் சிற்றாலயத்தில், ஆதரவாளர்கள் கூடிய ஆராதனையில் கொடுத்த செய்தி)





2008ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி, கனடா தேசத்தின் அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் நின்று, அந்நாட்டின் பூர்வகுடி மக்களிடம் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பூர்வகுடித் தலைவர்கள் அந்தச் சபைக்குள்ளேயே அமர்ந்து அதைக் கேட்டார்கள்.

நடந்தது என்ன? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, 1,50,000க்கும் அதிகமான பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை அடைந்தவர்கள் பலர். அடிக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானவர்கள் பலர். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை.

மருத்துவப் பணியில் இருக்கிற நாம் இன்னொன்றையும் அறியவேண்டும். 1907இல் டாக்டர் பீட்டர் பிரைஸ் என்ற அரசாங்க மருத்துவ அதிகாரி 35 பள்ளிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார். காற்றோட்டமில்லாத கட்டடங்களில் பிள்ளைகள் காசநோயால் சாகிறார்கள் என்று எச்சரித்தார். அவர் சொன்ன பரிகாரங்களை அரசு நிறைவேற்றவில்லை. 1920இல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளைகளைக் கட்டாயமாய்ப் பள்ளிக்கு அனுப்ப வழிசெய்தது.

பிரியமானவர்களே, அந்தப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தது அரசாங்கம். அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவை திருச்சபைகள். நம்மைப்போன்ற விசுவாசிகளும் காணிக்கை கொடுத்தார்கள், துணிமணிகள் அனுப்பினார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்மாருடைய விருப்பத்தைக் கேட்பார் இல்லை.

அரசாங்கத்துக்கு முன்பே, 1986இல், கனடா ஐக்கிய திருச்சபை சட்பரி நகரில் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. சுவிசேஷத்தோடு தங்கள் பண்பாட்டையும் அவர்கள்மேல் சுமத்தியதை அறிக்கையிட்டது. பூர்வகுடி மூப்பர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் மன்னித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் நினைவாக அடுக்கிய கற்குவியலும், வேலை இன்னும் மீதியிருக்கிறது என்பதற்கு அடையாளமாக, முடிக்கப்படாமலே விடப்பட்டது.

இதைக் குறித்து நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. தவறு செய்தவன் மன்னிப்பைக் கேட்கலாம். கட்டாயப்படுத்தி வாங்க அவனுக்கு உரிமை இல்லை. புண்பட்டவரிடம் போய், மறந்துவிடுங்கள் என்று அவசரப்படுத்துவது போதக ஊழியமும் அல்ல. சகேயுவை நினைத்துப் பாருங்கள். அவன் வாயால் வருத்தம் தெரிவித்து நின்றுவிடவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தர முன்வந்தான்.

கனடாவில் 2007இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. உண்மை மற்றும் ஒப்புரவாக்க ஆணையம், பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் சாட்சியைக் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகளைக் கொடுத்தது. அவற்றில் பல இன்னும் நிறைவேறவில்லை. 2022இல் போப் பிரான்சிஸ் கனடாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே, கொடுக்கிற கைகளை உடைய நாம் ஒன்றைத் தீர்மானிப்போம். யாருக்கு உதவுகிறோமோ அவர்களை முதலாவது கேட்போம். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதையும் கேட்போம். கேளாமல் செய்த தர்மம், பின்னாளில் பிள்ளைகளின் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்கவேண்டிய காரியமாகிவிடக் கூடாது.

கர்த்தர் தாமே நம் இருதயத்தையும் செவியையும் திறப்பாராக. ஆமென்.