உபாத்தியாயர் வகுப்பறையை விட்டு விலகுவதேன்?

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



நம் ஊர்களில் பள்ளிக்கூடம் இல்லை என்னும் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. பள்ளியில் உபாத்தியாயர் நிலைப்பதில்லை என்னும் குறையோ வளர்ந்து வருகின்றது. இது நமக்கு மட்டும் உரியதன்று. யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் 2024-ஆம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகமெங்கும் ஆரம்பப் பள்ளிகளை விட்டு வருஷந்தோறும் விலகும் ஆசிரியர் 2015-இல் 100-க்கு 4.62 பேர், 2022-இல் 9.06 பேர். 2030-க்குள் இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர் வேண்டுமென்றும் அவ்வறிக்கை கூறுகின்றது.

தமிழ்நாட்டில் இவ்விலகல் இருவகைப்படும். தனியார் பள்ளி ஆசிரியர் பலர் உத்தியோகத்தையே விட்டுவிடுகின்றனர். அரசினர் பள்ளி ஆசிரியரோ உத்தியோகத்தை எளிதில் விடுவதில்லை. அதில் இருந்துகொண்டே வகுப்பறையை விட்டு வெளியே இழுக்கப்படுகின்றனர்.

முதல் வகையை நோக்குவோம். தனியார் பள்ளிகளில் போதிப்போர் பெரும்பாலோர் பெண்மக்கள். பட்டமும் பயிற்சியும் பெற்ற அவர்களில் பலர் வாங்கும் சம்பளம் ஒரு கடைச் சிப்பந்தியின் சம்பளத்தினும் குறைவு. சில பள்ளிகளில் மே மாதச் சம்பளமும் இல்லை. 2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. சிறு வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதியன்றே மீண்டும் திறந்தன. அவ்விடைக்காலத்தில் சம்பளமின்றித் தவித்த ஆசிரியர் பலர் காய்கறி விற்றனர். நூறுநாள் வேலைக்கும் சென்றனர். அவ்வாறு சென்றோர் அனைவரும் திரும்பி வரவில்லை. சில பள்ளி நிர்வாகிகள் ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்து, அவர் விலகாதபடி தடுக்கின்றனர். சான்றிதழைப் பூட்டலாம், மனத்தைப் பூட்ட இயலுமோ?

இனி இரண்டாம் வகை. மத்திய சர்க்காரின் 2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டம், ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றினுக்கு அன்றிக் கல்விக்குப் புறம்பான எவ்வேலைக்கும் ஆசிரியரை ஏவலாகாது என விதிக்கின்றது. வாரத்துக்கு 45 மணி நேர வேலையில் பாடத்துக்குத் தயார் செய்யும் நேரத்தையும் அதுவே சேர்த்துள்ளது. நடப்பதோ வேறு. வருகைப் பதிவும், இலவசப் பொருள்களின் கணக்கும், பற்பல புள்ளிவிவரங்களும் கைபேசியில் ஏற்றப்பட வேண்டும். பிள்ளைகள் எதிரே அமர்ந்திருக்க, ஆசிரியரின் கண் கருவியின்மேல் இருக்கின்றது.

சம்பள பேதமும் மனத்தை முறிக்கின்றது. 2009 மே 31-ஆம் தேதிக்குள் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாயாகவும், மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. வகுப்பும் ஒன்று, பாடமும் ஒன்று. ஊதியம் மட்டும் இரண்டு. இதை நீக்கக் கோரி அவர்கள் சென்னையில் பன்முறை உண்ணாவிரதம் இருந்தனர்.

இவற்றுள் சர்க்கார் செய்ய வேண்டியவை சில. நாம் செய்யக்கூடியவை சில. நம்மவரில் பள்ளி நடத்துவோரும் நிர்வாக சபைகளில் அங்கம் வகிப்போரும் உளர்; மற்றெல்லோரும் பெற்றோர். ஆதலின் சில யோசனைகளை உங்கள் முன் வைக்கின்றோம். பன்னிரண்டு மாதச் சம்பளமும் தவறாமல், குறித்த தேதியில் கொடுக்கப்பட வேண்டும். சான்றிதழ்கள் அன்றே சரிபார்த்து அன்றே திருப்பித் தரப்பட வேண்டும். கணக்கு வேலைக்குத் தனியே ஒரு குமாஸ்தா வேண்டும். புதிதாக வருவோரை முதல் வருஷத்தில் தனித்து விடாமல், அனுபவமுள்ள ஒருவரின் துணையில் வைக்க வேண்டும். பரீட்சையில் பிள்ளை தவறினால், அப்பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரைக் கடிந்துரைக்கும் வழக்கத்தைப் பெற்றோர் ஒழிக்க வேண்டும். தனியே சென்று கேட்பதே முறை.

இவற்றுக்குப் பணம் ஏது எனச் சிலர் வினவலாம். பள்ளிக் கட்டடத்துக்கு உபயம் செய்து கல்லில் பெயர் பொறிப்போர் நம்மில் பலர். சம்பள நிதிக்கு உபயம் செய்வோர் மிகச் சிலரே. நல்ல உபாத்தியாயர் ஒருவர் ஓரூரில் முப்பது வருஷம் நிலைத்தால், தந்தையும் மகனும் அவரிடமே எழுத்தறிவர். அவர் விலகினால் அவ்வூருக்கு உண்டாகும் நஷ்டத்தை எந்தக் கட்டடமும் ஈடுசெய்யாது. ஆகவே, நம் சங்கம் அடுத்த கூட்டத்திலேயே ஆசிரியர் சம்பள நிதி ஒன்றைத் தொடங்குவது பற்றி ஆலோசிக்க வேண்டுமெனப் பிரேரேபிக்கின்றோம்.