கப்பலில் ஐந்து நாள், தண்ணீர்க் கணக்கு

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

ஐந்து நிமிடம்தான் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் நான். நேரத்துக்கு மூடிவிடுவேன், பயப்பட வேண்டாம்.

போன பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரம்மாவும் லட்சத்தீவு போய்வந்தோம். அனுமதி வாங்கிக்கொண்டு கொச்சியில் ஏறினால், ஐந்து நாளும் கப்பல்தான் வீடு. ராத்திரி கப்பல் ஓடும், நாம் தூங்குவோம். விடிந்தால் எதிரே ஒரு தீவு. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றும் பார்த்தோம்.

பவளப்பாறைக்கு வெளியே கப்பல் நின்றுவிட்டால், சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலை படகைத் தூக்கும் நொடியில் காலை வைக்க வேண்டும். ஊழியர்கள் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ!" என்பார்கள். முட்டிவலிக்கார என் மனைவி முதல் நாள் அழாத குறை. மூன்றாம் நாள் எனக்கு முன்னால் இறங்கிவிட்டார்!

மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம், கண்ணாடி மாதிரி கடல், ஹாரன் சத்தமே இல்லாத தெரு எல்லாம் அழகுதான். போட்டோக்களை அப்புறம் காட்டுகிறேன். நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

முதல் நாள் காலை கேபின் குழாயைத் திறந்துவிட்டு ஷேவ் செய்துகொண்டிருந்தேன். அறைக்கு வந்த ஊழியர் பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், இது கொச்சியில ஏத்தின தண்ணி." சுற்றிலும் கடல், கையில் சோப்பு. சட்டென்று குழாயை மூடினேன்.

கவரத்தியில் ஒரு வீட்டுக் கிணற்றைப் பார்த்தேன். ஆழமே இல்லை. அந்த வீட்டு அம்மா, "மேலாக மொள்ளணும், அதிகம் இறைத்தால் உப்பாகிவிடும்" என்றார். மழை நீர் மண்ணில் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் மழைதான் டெபாசிட். அதற்கு மேல் எடுத்தால் கடல் உள்ளே வந்துவிடும், ஓவர்டிராஃப்ட் கிடையாது. லட்சத்தீவு 36 தீவுகளையும் சேர்த்தால்கூட நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான்.

அதனால் 2005-இல் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தார்கள், நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். அமைத்தது நம்ம பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். மேல்பரப்பு வெதுவெதுப்பான கடல் நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலனில் விட்டால் ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குடிநீராக்கும். இத்தனை பாடுபட்டுத்தான் அங்கே ஒரு குடம் தண்ணீர்.

இப்போது நம் கதை. வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைக்கலாம் என்று போன வருடம் தீர்மானம் வந்தபோது, வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். செலவு என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. தினமும் காலையில் பைப் போட்டுக் காரைக் கழுவியவன் நான்தான், வாட்ச்மேனுக்குத் தெரியும். டேங்கர் பில்லை எல்லாரும் சமமாகப் பங்கு போட்டோம். என் காருக்கு நீங்களும் பணம் கட்டினீர்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து ஒரு வாளி, ஒரு துணி. கார் அழுக்காக ஒன்றும் ஆகிவிடவில்லை.

அதே தீர்மானம் இன்றைக்கு மறுபடி வருகிறது. இந்த முறை ஆதரித்துக் கை தூக்கப் போகிறேன். நீங்களும் தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.