கூப்பிட்டால் வரும் நாய்



நம்மூர் வீடுகளிலே நாடோறும் காணக்கூடிய காட்சியொன்றை எண்ணிப் பாருங்கள். படலை திறந்து கிடக்கின்றது. நாய் ஒழுங்கையிலே நிற்கின்றது. வீட்டுக்காரர் திண்ணையில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகின்றார். ஒருமுறை கூப்பிடுகின்றார், இருமுறை கூப்பிடுகின்றார், பத்துமுறை கூப்பிடுகின்றார். குரல் வரவர உயர்கின்றது. நாயோ காதை ஒருதரம் அசைத்துவிட்டு, வேலியோரத்தை மோந்துகொண்டு தன்பாட்டில் நடக்கின்றது. அவ்வேளையிலே குசினிப் பக்கத்தில் வீட்டம்மா சோற்றுத் தட்டத்தை நிலத்திலே தட்டுகின்றார். அவ்வளவுதான், ஒழுங்கையின் அந்தத்திலிருந்து நாய் பறந்து வருகின்றது.

இந்த நாய்க்குக் காது கேளாது என்று சொல்லலாமா? அறிவில்லாத சாதி என்று சொல்லலாமா? தட்டம் தட்டும் ஓசைக்கு வரவேண்டுமென அதற்கு எவரும் பாடம் நடத்தவில்லை. எனினும் அது கற்றுக்கொண்டது. பெயர் சொன்னால் வரவேண்டுமெனப் பல மாதங்களாகக் கத்திக் கத்திக் கற்பித்தோம். அதையோ அது கற்கவில்லை. உண்மையைச் சொல்வதாயின், கற்காமலும் இருக்கவில்லை. நாம் கருதியதற்கு நேர்மாறான ஒன்றைச் செவ்வையாகக் கற்றுக்கொண்டது.

தட்டத்தின் ஓசை அந்த நாய்க்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஓசை கேட்டதும் சோறு கிடைத்தது. அதன் பெயர் கேட்டபின் கிடைத்தவை யாவை? பெயர் சொல்லி அழைத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டினோம். அழைத்துச் சங்கிலியிற் கட்டினோம். அழைத்து வாயைப் பிளந்து பூச்சிமருந்து பருக்கினோம். அயல்வீட்டுக் கோழியைத் துரத்திய நாயை அன்பொழுக அழைத்து, அது வாலைக் குழைத்துக்கொண்டு வந்ததும் பூவரசந் தடியால் இரண்டு போட்டோம். அடித்தவர் கோழிக்காக அடித்தார். நாயின் கணக்கிலோ அது வந்ததற்குக் கிடைத்த அடி. கோழியின் பின்னால் ஓடியபோது அதற்கு ஒரு துன்பமும் நேரவில்லை. எசமானிடம் வந்தபோதுதான் துன்பம் நேர்ந்தது. மறுமுறை அது எதனைத் தவிர்க்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வுண்மையை ஆய்வுகூடத்திலே நிறுவிக் காட்டியோர் உளர். உருசிய நாட்டு அறிஞர் பவ்லொவ், உணவு சமிக்கும் வகையை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டிலே நோபல் பரிசு பெற்றவர். தம் ஆய்வுக்கு உட்பட்ட நாய்களுக்கு உணவு வாயிற் படுமுன்னரே, உணவைக் குறிக்கும் ஓசை கேட்ட மாத்திரத்தில், உமிழ்நீர் ஊறுவதை அவர் கண்டார். பவ்லொவின் நாய் என்றதும் மணி என்பார்கள். ஆனால் அவர் பயன்படுத்திய ஓசைகளுள் சங்கீதக்காரர் தாளக்கணக்குக்கு வைத்துக்கொள்ளும் மெட்ரொனோம் என்னும் கருவியின் ஓசை முக்கியமானது. மணியோ, மெட்ரொனோமோ, நம் வீட்டுத் தட்டமோ, எதுவாயினும் சரியே; ஓசையில் ஒன்றுமில்லை, அதனைத் தொடர்ந்து வருவதிலேதான் எல்லாம் இருக்கின்றது. அமெரிக்கரான தோண்டைக் என்பார் 1898ஆம் ஆண்டிலே பூனைகளைக் கூட்டில் அடைத்துவைத்து நடத்திய சோதனைகளும் இதன் மறுபாதியை விளக்கின. நற்பயன் கண்ட செயலை விலங்கு மீண்டும் செய்கின்றது. பயன் காணாததைப் படிப்படியாகக் கைவிடுகின்றது.

கூப்பிட்டவுடன் வருதல் நாய்க்கு ஓர் அலங்கார வித்தையன்று. கைகொடுக்கவும், புரளவும், பந்தைக் கவ்விவரவும் அறியாத நாய்க்கு ஒரு குறையும் நேராது. இதனை அறியாத நாயோ தெருவிலே மடிகின்றது. ஒழுங்கை முகப்பில் மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் திரும்பும் வேகத்தை நேயர்கள் அறிவீர்கள். இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். நாய் வீதியின் மறுபக்கத்தில் நிற்கும்போது அதனை அழைத்தல் ஆகாது. நன்கு பழகிய நாயே அழைப்புக்கு இடம்வலம் பாராமல் ஓடிவரும். அப்போது வீதியைக் கடக்க வேண்டியவர் நாமே.

தெருவைவிடப் பெரிய காரணமும் ஒன்றுண்டு. விசர்நாய்க்கடி நோயின் குறிகள் மனிதரிலே தோன்றிவிட்டால் உயிர் தப்புவது அரிதினும் அரிது. நமது நாட்டிலே தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006ஆம் ஆண்டில் அரசின் கொள்கையாக நிறுத்தப்பட்டது. அதன்பின் நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவதே இந்நோய்க்குப் பேரரணாயிற்று. ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு 70 ஆவது ஊசி பெற்றிருந்தால் நோய் நாய்க்கு நாய் தொற்றுவது அறுபடும் என்பது உலக சுகாதாரத் தாபனத்தின் கணிப்பு. ஊசி ஏற்றுவோர் சந்திக்கு வரும் நாளிலே நடப்பது யாது? உடையவர் கயிற்றோடு முற்றத்தில் நிற்கின்றார். நாய் வேலிப் பொட்டால் நுழைந்து பனங்காணிக்குள் மறைந்துவிடுகின்றது. அது தெருநாயன்று, மூன்று வேளையும் அவர் வீட்டுச் சோற்றையே தின்பது. இருந்தும் ஊசியின்றித் திரிகின்றது. அந்த நாயோடு விளையாடுவது அவருடைய பிள்ளைதான்.

இனி, வழக்கத்தைப் பழக்கும் முறைக்கு வருவோம்.

பெயரை விட்டுவிடுங்கள். பெயர் நாள்முழுதும் ஏசவும் கொஞ்சவும் வழங்கித் தேய்ந்துபோன நாணயம். அழைப்பதற்கென்று வேறொரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலே வேறெதற்கும் வழங்காத சொல்லாக இருத்தல் நன்று. அச்சொல்லையே வீட்டார் எல்லோரும் ஆளவேண்டும். தகப்பனார் ஒருவிதமாகவும், அம்மம்மா ஒருவிதமாகவும், பிள்ளைகள் இன்னொருவிதமாகவும் அழைப்பின் நாய் என்ன செய்யும்? என்னைக் கேட்டால், விசில் ஒன்றை வாங்கிப் படலைத் தூணிலே மாட்டிவைப்பது எல்லாவற்றிலும் மேல். விசிலுக்குக் கோபம் வராது. நமது குரல் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும், விசில் காட்டிக்கொடுப்பதில்லை. மனிதருக்குக் கேளாத விசில் என்று கடைகளில் விற்பதை வாங்க வேண்டியதில்லை. மனிதரின் செவிக்கு எட்டாத நுண்ணொலிகளும் நாய்க்குக் கேட்கும் என்பது மெய்யே. ஆனால் விசில் ஊதியதோ இல்லையோ என்பது ஊதுபவருக்கும் தெரியவேண்டுமல்லவா?

பரிசாக யாது கொடுப்பது? நாளாந்தச் சோற்றில் ஒரு பிடி போதாது. நாய் மிக விரும்புவதும், வேறு வேளைகளிற் கிடைக்காததுமான பண்டமே வேண்டும். நெத்தலிக் கருவாட்டை நீரில் ஊறவைத்து, உப்பை நன்றாகக் கழுவிப் போக்கி, வெயிலில் உலர்த்தி, நகத்தளவாக முறித்து வைத்துக்கொண்டால் அதற்கு நிகரில்லை. அவித்த கோழி ஈரலும் ஆகும். சொக்கிளேற்று ஆகாது, அது நாய்க்கு நஞ்சு. வெங்காயம் சேர்ந்த கறியும் ஆகாது.

முதல் வாரம் வீட்டுக்குள்ளே தொடங்குங்கள். நாய் இரண்டு முழத் தொலைவில் நிற்கின்றது. விசிலை ஊதி, உடனே ஒரு துண்டைக் கொடுங்கள். அது ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஓசையையும் பண்டத்தையும் அதன் மனம் ஒன்றாக முடிந்துகொள்ளட்டும். நாளொன்றுக்குப் பத்துத்தரம் போதும். சில நாட்களில், ஊதிய கணமே தலையைத் திருப்பும். அதன்பின் அடுத்த அறையிலிருந்தும், முற்றத்திலிருந்தும், படலை சாத்திய வளவின் மறுகோடியிலிருந்தும் அழைக்கலாம். பரிசு வந்த கணத்திலேயே கைமாற வேண்டும். பரிசை எடுக்க நாம் குசினிக்குப் போய்வருமுன் நாய் நூறு காரியம் செய்துவிடும். அவற்றுள் எதற்குப் பரிசு என்று அது எவ்வாறு அறியும்?

பண்டத்தைக் கொடுக்குமுன் ஒரு கையால் கழுத்துப்பட்டியை மெல்லப் பிடியுங்கள். பிடித்துக் கொடுத்து, விட்டுவிடுங்கள். சிலர் நாய் வரும், ஆனால் எட்டடி தூரத்தில் நின்றுகொண்டு கைக்கு அகப்படாது என்று முறையிடுவர். கழுத்திற் கைபட்டால் விளையாட்டு முடிந்தது என்று அந்த நாய் கற்றிருக்கின்றது. பத்துமுறை அழைத்தால் ஒன்பதுமுறை பரிசு கொடுத்து மீண்டும் ஓடவிட வேண்டும். வந்தால் சுதந்திரம் பறிபோகாது என்று அது நம்பவேண்டும்.

வளவைத் தாண்டி வெளியே போகும்போது முப்பதடி நீளமான மெல்லிய கயிறு வேண்டும். கயிற்றைப் பிடித்து இழுப்பதற்கன்று. வராமல் ஓடித் தப்புவதிலே இன்பமுண்டு என்பதை நாய் கற்காதிருப்பதற்காக. ஆட்கள் இல்லாத காலைவேளையில் வெறுங்காணியிலே தொடங்கி, பின்னர் ஆடு கட்டியிருக்கும் இடத்திலும், வேற்று நாய் தெரியும் இடத்திலும் பழக்குங்கள். மீன்காரர் சைக்கிளில் ஒலியெழுப்பிக்கொண்டு வரும் நேரம் இறுதிப் பரீட்சை. அதனை முதலாம் வாரத்திலேயே வைப்பது பாலர் வகுப்புப் பிள்ளையைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்கு அனுப்புவது போலாகும். நம்மிற் பலர் அதைத்தான் செய்கின்றோம்.

அழைத்தும் வராவிட்டால்? மீண்டும் மீண்டும் அழைக்காதீர்கள். பத்தாம் அழைப்புக்கு வரும் நாய், முதல் ஒன்பதும் வெறுஞ் சத்தம் என்று கற்கின்றது. துரத்தவும் வேண்டாம். நான்கு கால் உடையதை இரண்டு கால் உடையவர் துரத்துவதைப்போல நாய்க்கு உவப்பான விளையாட்டு வேறில்லை. மறுதிசையிலே திரும்பி நாம் ஓடினால் பெரும்பாலும் அது நம்மைத் துரத்திவரும். குந்தியிருந்து நிலத்திலே எதையோ கிண்டுவதுபோற் காட்டினும் வரும். எவ்வளவு தாமதித்து வந்தாலும் ஏசலாகாது. கோபம் வந்தால் அதை விழுங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நாய் பழக்குதலில் கடினமான பகுதி இதுவே. இதனை நாய் செய்ய வேண்டியதில்லை, நாம் செய்ய வேண்டியிருக்கின்றது.

குளிப்பாட்டவும், மருந்து கொடுக்கவும், கட்டவும் விசிலை ஊதாதீர்கள். நீங்களே எழுந்து சென்று அழைத்து வாருங்கள். ஊசி போடும் நாளில் யாது செய்வது என்று கேட்பீர்கள். ஊசி ஏற்றுவோர் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே அழைத்து, வயிறார ஈரல் கொடுத்து, கயிற்றிற் பிணைத்து, கூடவே இருந்து கொஞ்சுங்கள். ஆண்டுக்கொருமுறை வரும் அந்தச் சிறு வலியை, மற்ற நாட்களில் நூற்றுக்கணக்காகக் கிடைத்த நற்பரிசுகள் ஈடுசெய்துவிடும்.

குட்டியிலே தொடங்குதல் எளிது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள பார் ஹாபர் என்னும் ஊரிலே நடந்து, 1961ஆம் ஆண்டிலே வெளியான ஆராய்ச்சியொன்றில், 14 வாரம் வரை மனிதரின் நெருக்கமின்றி வேலிக்குள் வளர்ந்த குட்டிகள் காட்டு விலங்குகளைப்போல மனிதரைக் கண்டு அஞ்சி ஒதுங்கின. ஆகையால் வேள்விக்கிடாயைப்போலக் குட்டியைக் கொட்டிலிலே கட்டிவைத்து, பெரிதானபின் பார்த்துக்கொள்வோம் என்றிருப்பது சரியன்று. எட்டாம் வாரத்திலிருந்தே விசிலும் கருவாடும் ஆரம்பமாகலாம். வளர்ந்த ஊர்நாயும் கற்கும். அதற்கு நாட்கள் கூடுதலாக வேண்டும். முன்பு கல்லெறி பட்ட நாயாயின் இன்னுங் கூடும்.

நன்றாகப் பழகிய குட்டி ஏழெட்டு மாதத்திலே திடீரெனச் செவிடாகிவிடுவதும் உண்டு. இங்கிலாந்திலே வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பெற்ற குட்டிகளைச் சோதித்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனைக் காட்டுகின்றது. ஐந்து மாதத்தில் வளர்ப்பவர் "இரு" என்றால் இருந்த நாய்கள், எட்டு மாதத்தில் அவர் சொல்லை அசட்டை செய்தன. அயலார் சொன்னாலோ இருந்தன! பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் இருப்போருக்கு இது வியப்பளிக்காது. அப்பருவம் சில மாதங்களிற் கழிந்துவிடும். "இந்த நாய் உதவாது" என்று தெருவிலே விடப்படும் நாய்களிற் பல அந்த வயதினவே என்பது என் எண்ணம். வைரவர் கோவிலிலே வாகனமாகக் கும்பிடும் பிராணியை வீட்டிலே இவ்வளவு பொறுத்துக்கொள்ளலாகாதா? அம்மாதங்களில் நீண்ட கயிற்றை மீண்டும் எடுத்து, முதற் பாடத்திலிருந்து தொடங்குக.

பரிசை எப்போது நிறுத்தலாம் என்பது பலர் கேட்கும் கேள்வி. வீட்டுக்குள்ளே வருவதற்கு இடையிடையே கொடுத்தாற் போதும். சிலவேளை ஈரல், சிலவேளை ஒரு தட்டிக்கொடுப்பு. ஆனால் வேற்று நாயையோ மீன்காரரையோ விட்டு நம்மிடம் வரும் நாய்க்கு நான் ஒருபோதும் நிறுத்த மாட்டேன். நாம் மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டால் எத்தனை நாள் கந்தோருக்குப் போவோம்?

முடிக்குமுன் இன்னொன்று. விசில் ஊதும்போதே வலக்கையை மேலே உயர்த்திக் காட்டிப் பழக்குங்கள். முதலில் அது வீண்வேலைபோலத் தோன்றும். நாய் பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டும்போது அதன் செவி மங்கத் தொடங்கும். விசிலைக் கேளாது, ஒழுங்கையிலே பின்னால் வரும் வண்டியின் இரைச்சலையும் கேளாது. அப்போதும் அது இடைக்கிடை தலையைத் திருப்பி, நாம் எங்கே நிற்கின்றோம் என்று பார்க்கும். உயர்த்திய கையைக் கண்டால் வரும்.