இரண்டு சென்டிமீட்டர்

(கள்ளக்குறிச்சியில் நடந்த ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தும் பட்டதாரி ஆசிரியர். ‘மார்புக்கான உடற்பயிற்சி’ என்று என் தலைப்பை வாசித்ததும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். என் தொப்பையைப் பார்த்தால் எனக்கும் சிரிப்புதான் வருகிறது. ஆனாலும் இந்தத் தலைப்பை நான் எடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு, என்னிடம் படித்த பையன் ஒருவன் மாலை நேரத்தில் பள்ளிக்கு வந்தான். மலையாளி பழங்குடிக் குடும்பம். அம்மாவும் அப்பாவும் வருடத்தில் பாதி நாள் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள். பாட்டியிடம் வளர்ந்தவன். இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறி, உடற்தகுதித் தேர்வுக்குப் போயிருந்தான். உயரம் சரியாக இருந்தது. மார்பளவும் 81 சென்டிமீட்டர் வந்துவிட்டது. மூச்சை இழுத்து மார்பை விரிக்கச் சொன்னபோது டேப்பில் 84 தான் வந்திருக்கிறது. வேண்டியது 86. “ரெண்டு சென்டிமீட்டர் சார்” என்று விரலால் அளந்து காட்டினான். அப்புறம் ஒன்று கேட்டான்: “நுரையீரல் பாடம் நீங்கதானே சார் எடுத்தீங்க. நெஞ்ச எப்படி விரிக்கிறதுன்னு ஏன் சார் சொல்லித் தரலை?”

நான் பதில் சொல்லவில்லை. சுவாச மண்டலத்தைப் படம் வரைந்து பாகம் குறித்து, ஐந்து மதிப்பெண்ணுக்குத் தயார் செய்தவன் நான். இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவன் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையைப் ‘போர்ஷன் முடிக்க வேண்டும்’ என்று வாரா வாரம் கடன் வாங்கியவனும் நான்தான். அந்தக் கடனை நான் திருப்பித் தரவே இல்லை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, அதிலும் மலைப் பிள்ளைகளுக்கு, காவல் துறையும் ராணுவமும் பெரிய வாசல்கள். காவலர் தேர்வில் ஆண்களுக்கு உயரம் பொதுவாக 170 சென்டிமீட்டர், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பளவு எல்லோருக்கும் ஒன்றுதான்: சாதாரணமாக 81, விரிக்கும்போது குறைந்தது 5 சென்டிமீட்டர் கூட வேண்டும். ராணுவத்திலும் அதே 5 சென்டிமீட்டர் விரிவு கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அறிவிக்கையைப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தை நாம் மாற்ற முடியாது. மார்பின் விரிவைப் பயிற்சியால் கூட்டலாம். அதனால்தான் இந்த 2 சென்டிமீட்டர் எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பையனை உட்காரவைத்து, தையல் டேப் எடுத்து அளந்தேன். “மூச்சை இழு” என்றதும் தோளைக் காது வரை தூக்கினான், வயிற்றை உள்ளே எக்கினான். விலா எலும்பு அசையவே இல்லை. நாம் மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்க வேண்டும், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் சுருங்கிக் கூட்டை மேலும் வெளியும் தூக்க வேண்டும். வயிற்றை இறுக்கி எக்கினால் உதரவிதானம் இறங்க இடம் இல்லை. முதல் வாரம் முழுக்க நாங்கள் செய்தது மூச்சுப் பழக்கம் மட்டும்தான். இரண்டு கையையும் விலாவின் பக்கவாட்டில் வைத்து, கையைத் தள்ளுகிற மாதிரி மெதுவாக இழுப்பது. பிறகு முழுவதும் வெளியே விடுவது.

விரிவுக்கு மூச்சு என்றால், சுற்றளவுக்குத் தசை வேண்டும். மலைப் பிள்ளைகளுக்குக் காலில் வலு இயல்பாகவே உண்டு, மேடு ஏறி இறங்கியே வளர்கிறார்கள். கைக்கும் மார்புக்கும் அப்படி ஒரு வேலை இல்லை. அதற்கு நம்மிடம் உள்ள மலிவான கருவி தண்டால். நம் தாத்தாக்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார்கள், கர்லா கட்டை சுற்றினார்கள். சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. அதனால்தான் பல பிள்ளைகளால் எடுத்தவுடன் ஒன்றுகூட எடுக்க முடிவதில்லை. முடியாதவனை வரிசைக்கு முன்னால் நிறுத்திச் சிரிக்க வைத்தால், அவன் மறுநாள் ‘வயிற்று வலி சார்’ என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவான்.

நாங்கள் நான்கு படியாகப் பிரித்தோம். முதல் படி, சுவரில் கை ஊன்றி எடுப்பது. இரண்டாவது, ஆடாத பெஞ்சில் கை ஊன்றி எடுப்பது. மூன்றாவது, தரையில் முழங்காலை ஊன்றி எடுப்பது. நான்காவது முழுத் தண்டால். கைகள் தோள் அகலத்தைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும். தலை முதல் குதிகால் வரை பலகைபோல ஒரே நேர்கோடு. முழங்காலை ஊன்றும்போது தலை முதல் முழங்கால் வரை அந்தக் கோடு இருந்தால் போதும். இடுப்பு தொங்கக் கூடாது. இறங்கும்போது மூச்சை இழுத்து, எழும்பும்போது விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. ஒரு படியில் 8 தடவை வீதம் இரண்டு சுற்று சுத்தமாக வந்தால் எண்ணிக்கையைக் கூட்டலாம். 15 வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

மார்பை மட்டும் வளர்க்காதீர்கள் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். தள்ளுகிற பயிற்சி மட்டும் செய்து, இழுக்கிற பயிற்சியை விட்டால் தோள் முன்னால் வளைந்துவிடும். பார்க்கவும் கூன் விழுந்த மாதிரி இருக்கும். அதனால் உறுதியான கம்பியில் தொங்குவது, எக்கி ஏறுவது என்று முதுகுக்கும் சம அளவு வேலை கொடுக்கிறோம். காவலர் தேர்வில் கயிறு ஏறவும் இது உதவும். மொத்தம் 15 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் 3 நாள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிட உடல் உழைப்பும், வாரத்தில் குறைந்தது 3 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. தண்டால் எடுத்தால் உயரம் நின்றுவிடும் என்பது வெறும் பேச்சு. காய்ச்சல், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இறக்காதீர்கள். வெறும் வயிற்றோடு வந்தவனையும் இறக்காதீர்கள்.

இப்போது அழகுக்கு வருகிறேன். நாம் போடும் ‘சாண்டோ பனியன்’ யார் பெயரில் வந்தது தெரியுமா? 1867-இல் பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலியின் பெயரில். 1901-இல் லண்டனில் உடற்கட்டுப் போட்டி நடத்தியவர், இந்தியாவுக்கும் வந்து போனவர். நம் தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் உள்ள ‘சாண்டோ’வும் அவரிடமிருந்து வந்ததுதான். ஆக, நெஞ்சை நிமிர்த்திக் காட்ட வேண்டும் என்ற ஆசை செல்போன் வந்த பிறகு முளைத்ததில்லை. அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆசையைச் சரியான பக்கம் திருப்பினால் போதும்.

தப்பான பக்கம் எது? எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தேன் எடுத்து விற்ற காசில் பவுடர் டப்பா வாங்க விலை விசாரித்துக்கொண்டிருந்தான். அவன் வயதுக்கு வேண்டிய புரதம் முட்டையிலும் கொண்டைக்கடலையிலும் பச்சைப்பயறிலும் இருக்கிறது. வீட்டில் சாமைச் சோற்றோடு பருப்பு சேர்ந்தால் போதும். பவுடராவது காசோடு போகும். சதைக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி அப்படி இல்லை. வளரும் வயதில் எலும்பு வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்தும், கல்லீரலைக் கெடுக்கும், விந்தகத்தைச் சுருக்கும். ஆண்களுக்கு மார்பு பெண்மார்புபோல வீங்கவும் செய்யும்.

இன்னொரு பையன் சட்டைக்குள் எப்போதும் இரண்டு பனியன் போட்டு வந்தான், வெயில் காலத்திலும். பருவ வயதில் பையன்களுக்கு மார்பு சற்றுப் பருப்பது மிகச் சாதாரணம். ஹார்மோன் மாற்றத்தால் வருவது, பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாகக் குறைந்துவிடும். தண்டால் எடுத்து அதைக் கரைக்க முடியாது. கடினமான கட்டியோ, தொடர்ந்த வலியோ, ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மற்றபடி அவனுக்குத் தேவை, இது நோய் இல்லை என்று ஒரு பெரியவர் வாயிலிருந்து கேட்பதுதான். நான் இதைப் பெயர் சொல்லாமல் வகுப்பு முழுமைக்கும் பாடமாகச் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து கேலிப் பெயர்கள் குறைந்தன.

பெண் பிள்ளைகளைப் பற்றி எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். ஏழாம் வகுப்பு வரை நிமிர்ந்து நடந்தவள், எட்டாம் வகுப்பில் புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக் குனிந்து நடக்கிறாள். மார்பகத்தில் தசை கிடையாது. பயிற்சி அதன் அளவை மாற்றாது. அதன் அடியில் உள்ள தசையையும் முதுகையும் வலுவாக்கும், நிமிர்ந்து நிற்க வைக்கும். அந்த டீச்சர் தனி வகுப்பறையில் அவர்களுக்குச் சுவர்த் தண்டால் தொடங்கினார். இப்போது பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் எண்ணிக்கையில் முந்துகிறார்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். நான்கு மாதம் விடாமல் வந்தான். விரிவு ஐந்தரை சென்டிமீட்டர் ஆனது. ஆனால் எழுத்துத் தேர்வை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறான், பகலில் மரவள்ளிக் காட்டில் வேலை, இரவில் படிப்பு. அவன் இழந்த காலத்துக்கு என்னிடம் கணக்கு இல்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கடன் வாங்கிய விளையாட்டுப் பாடவேளைகளைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு தையல் டேப் வாங்கி, உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பிலேயே அளந்து, பிள்ளையிடம் அவன் அளவைச் சொல்லிவிடுங்கள். குறை இருந்தால் ஈடுகட்ட மூன்று நான்கு வருடம் இருக்கும். மைதானத்தில் நிற்கும்போது தெரிந்து பயனில்லை.