காதுக்கு வந்தபடி எழுதுவோம்

(நியூ ஜேர்சியில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டங்களில் நான் குறிப்பெடுக்கும்போது சில பிள்ளைகள் கொப்பியை எட்டிப் பார்த்து, "அன்ரி, இது அரபியோ?" என்று கேட்பதுண்டு. அதனால்தான் செயலாளர் இந்தத் தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார். பிள்ளைகளே, அது அரபி இல்லை, பிற்மன் சுருக்கெழுத்து.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் சோதினை எழுதிவிட்டு இருக்கிற பிள்ளையைப் பார்த்து, "சும்மா இராமல் ஷோர்ட்ஹான்டும் ரைப்பிங்கும் பழகு" என்று சொல்லாத வீடு குறைவு. கொழும்பில் ஒரு உத்தியோகம் எடுக்க அது ஒரு திறப்பு. 1956 இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் வந்த பிறகு அரசாங்கக் கதவு எங்களுக்கு ஒடுங்கிக்கொண்டே போனது. என்றாலும் கம்பனிகளை நம்பிப் படித்தோம். நான் படித்தது 1974 இல்.

இதன் அடிப்படை மிகவும் எளியது. ஒருவர் சாதாரண எழுத்தில் நிமிடத்துக்கு 25, 30 சொல் எழுதுவார். ஆனால் மனிதர் கதைப்பது நிமிடத்துக்கு 120 சொல்லுக்கும் மேலே. இந்த இடைவெளியை நிரப்பத்தான் இங்கிலாந்தில் ஐசக் பிற்மன் 1837 இல் தன் முறையை வெளியிட்டார். அவர் எழுத்துக்கூட்டலைப் பார்க்கவில்லை, ஒலியைப் பார்த்தார். 'நைஃப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒரு 'கே' சும்மா நிற்கும். காதுக்குக் கேட்காதபடியால் சுருக்கெழுத்தில் அதற்கு இடமில்லை.

படுத்த கோடு 'க்', நிமிர்ந்த கோடு 'ட்'. அதே கோட்டை அழுத்தி எழுதினால் ஒலியும் கனத்துவிடும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கோ. முதல் 'ப' ஒரு சத்தம், நடுவில் வருகிற 'ப' இன்னொரு சத்தம். தமிழில் எழுத்து ஒன்றுதான், ஆனால் சுருக்கெழுத்தில் ஒன்று மெல்லிய கோடு, மற்றது தடித்த கோடு. இதைப் படித்த பிறகுதான் என் தாய்மொழியையே நான் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன்.

உயிரெழுத்துக்களுக்குப் புள்ளியும் சிறு கோடும் உண்டு. வேகத்தில் அவற்றை விட்டுவிடுவோம். அடையாளம் வரிக்கு மேலே நிற்கிறதா, வரியில் நிற்கிறதா, வரியை ஊடறுக்கிறதா என்று பார்த்து ஊகிப்போம். ஆகவே எங்கள் வாத்தியார் இரண்டு கட்டளை வைத்திருந்தார். ஒன்று, சூடு ஆறுவதற்குள் முழு எழுத்தில் எழுதிவிடு. கிழமை கடந்தால் எழுதினவருக்கே தடுமாறும். மற்றது, சொன்னவர் சொன்னபடியே எழுது. திருத்துவது உன் வேலை இல்லை.

இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஊன்றியது 1888 இல் வெளிவந்த கிரெக் முறை. அதில் தடிப்பு, மெல்லிசு இல்லை, பெரும்பாலும் வளைவுதான். நான் வேலை செய்த கந்தோரில் இருந்த ஒரு அமெரிக்க அம்மா கிரெக் எழுதுவா. அவவின் குறிப்பு எனக்கு விளங்காது, என்னுடையது அவவுக்கு விளங்காது.

ஒரு பென்சில் எவ்வளவு செய்யும் என்பதற்கு எங்கள் ஊர் தொட்ட சாட்சியே இருக்கிறது. சுவாமி விவேகானந்தரின் பேச்சுக்களை எழுத 1895 டிசம்பரில், இந்த ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நியூயோர்க்கில், குட்வின் என்ற ஆங்கிலேய இளைஞரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். பிறகு அவர் சுவாமியுடனேயே நின்றுவிட்டார். 1897 ஜனவரி 15 இல் சுவாமி கொழும்பில் வந்திறங்கியபோது குட்வினும் கூட வந்தார். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் சுவாமி பேசிய பேச்சு அந்தப் பயணத்தின் உரைத் தொகுப்பில் இன்றும் இருக்கிறது. குட்வின் 1898 ஜூனில் ஊட்டியில் இறந்தபோது வயது 27 தான். அந்தக் கை இல்லாவிட்டால் சுவாமியின் எத்தனையோ பேச்சுக்கள் காற்றோடு போயிருக்கும்.

பெரியவர்கள் பேச்சு மட்டுமல்ல, எங்கள் வீட்டுப் பேச்சும் அப்படித்தான். 1998 இல் என் ஒன்றுவிட்ட தங்கச்சியின் அகதி விசாரணைக்குத் துணையாகப் போனேன். "இடம்பெயர்ந்தம்" என்றாள். எங்களுக்கு அந்தச் சொல் கேட்டவுடன் 1995 ஒக்ரோபர் 30 ஞாபகம் வரும். வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் மழைக்குள்ளே நாவற்குழிப் பக்கமாக நடந்த இரவு. மொழிபெயர்த்தவர் வேறு ஊர்த் தமிழர். அவர் ஆங்கிலத்தில் "வீடு மாறினோம்" என்று சொன்னார். "ஏன் வீடு மாறினீர்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் திகைத்துப் போனாள்.

நான் கேள்வியையும் பதிலையும் கடதாசியில் பிற்மனில் எழுதிக்கொண்டிருந்தேன். 'ழ'கரத்துக்கும் 'ற'கரத்துக்கும் நானே வைத்த குறிகள் உண்டு. இடைவேளையில் அவள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் வாசித்து, சட்டத்தரணிக்குப் பொருளை விளங்கப்படுத்தினேன். அவர் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பித்தார். இரண்டாம் முறை அவள் வழியையும், நடந்த மணித்தியாலங்களையும், கையில் தூக்கிய பிள்ளையையும் சொன்னாள். அதன் பிறகுதான் அவளுடைய கதை பதிவில் ஏறியது.

பிள்ளைகளே, உங்கள் அம்மம்மா, அப்பப்பா சொல்வதை எழுதுங்கோ. "இப்ப ஃபோனிலேயே பிடிக்கலாமே" என்பீர்கள். தாராளமாகப் பிடியுங்கோ. ஆனால் பிடித்ததைப் போட்டுக் கேட்கிறது எத்தனை பேர்? எழுதுகிறவர் கட்டாயம் கேட்கத்தான் வேண்டும். விளங்காத சொல்லில் நின்று, "அம்மம்மா, அதென்ன?" என்று கேட்கவும் வேண்டும்.

பிற்மன் தெரியாவிட்டால் பரவாயில்லை. அடிக்கடி வரும் ஊருக்கும் ஆளுக்கும் முதலெழுத்தைக் குறியாக வையுங்கோ. பத்து நிமிடம் கேளுங்கோ, அன்று இரவே முழுதாக எழுதுங்கோ. "வெளிக்கிட்டம்" என்று அவ சொன்னால் "வெளிக்கிட்டம்" என்றே எழுதுங்கோ. "புறப்பட்டோம்" என்று மாற்றாதேயுங்கோ. சொன்ன திகதி பிழையாகப் பட்டால் ஓரத்தில் குறியுங்கோ, சொன்னதை அழிக்காதேயுங்கோ. ஆங்கிலத்தில் பிறகு ஆறுதலாக எழுதலாம். தமிழில் சொல்லக்கூடியவர்கள்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

ஆறு பிள்ளைகள் சேர்ந்தால் சனிக்கிழமைகளில் சுருக்கெழுத்துச் சொல்லித் தர நான் ஆயத்தம். காசு வேண்டாம். ஒரு கொப்பியும் நல்ல பென்சிலும் கொண்டு வந்தால் போதும். பெற்றோர் தயவுசெய்து செயலாளரிடம் பெயரைக் கொடுங்கோ.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.