விழுந்த இடத்துக்கே போனவன்



'அடிபட்ட பிறகும் அதே ஆபத்தைத் தேடிப் போவது அசட்டுத்தனமே' என்று எனக்கு முன்னால் அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரையிலே சேராது'ன்னாங்க. ஐயா, பூனை சேராதுதான். வீட்ல சமைக்கிறது பூனையா? (சிரிப்பு) இன்னைக்குக் கையைச் சுட்டுக்கிட்டு, நாளைக்கு விடியக்காலம் அதே அடுப்பைப் பத்த வைக்கிறது இந்த அம்மாதானே! (கைதட்டல்)

அமெரிக்காவிலே ஆரன் ரால்ஸ்டன் என்று ஒரு மலையேறி. இன்ஜினியர் வேலையை உதறிட்டு மலை மலையாச் சுத்தின ஆளு. 2003 ஏப்ரல் 26. யூட்டா மாநிலத்துப் பாலைவனம். புளூ ஜான் என்கிற பள்ளத்தாக்கு. ரெண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், நடுவிலே ஆள் நுழையுற சந்து. தனியா இறங்குறார். 300 கிலோவுக்கு மேல இருக்கிற ஒரு பாறை உருண்டு, வலது கையைச் சுவரோட வச்சு நசுக்கிடுச்சு. கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் தீனி, மொட்டைக் கத்தி ஒண்ணு. 127 மணி நேரம், ஐயா! தண்ணி தீர்ந்தது. கூட இருந்த வீடியோ கேமராவிலே அப்பா அம்மாவுக்குக் கடைசி வார்த்தை பேசி வச்சார். பிறகு தன் கை எலும்பைத் தானே முறிச்சு, அந்தக் கத்தியாலேயே அறுத்துக்கிட்டு வெளியே வந்தார். அதோட முடிஞ்சுதா? ஒத்தைக் கையாலே கயிறு பிடிச்சு 65 அடி இறங்கணும். அப்புறம் வெயில்ல நடை.

எதிரணி கேட்பாங்க: எங்கே போறேன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னாரா? சொல்லலை. அது தப்பு. மன்னிக்க முடியாத தப்பு. பெத்தவ, பிள்ளை எந்தத் திசையிலே போனான்னே தெரியாமத் தவிச்சிருக்காளே! அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனா நடுவர் அவர்களே, அதே 2003 அக்டோபர். தன்னோட 28-வது பிறந்த நாள் அன்னைக்கு அவர் எங்கே போனார் தெரியுமா? அதே பள்ளத்தாக்குக்கு. பாறையை நகர்த்தி எடுத்த கையை அதிகாரிகள் எரிச்சு, சாம்பலை அவர்கிட்ட கொடுத்திருந்தாங்க. அதை அங்கேயே தூவினார். டி.வி.க்காரங்களையும் கூட்டிட்டுத்தான் போனார். அதிலே எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நாமளும் டி.வி.யிலே தானே பேசிக்கிட்டிருக்கோம்! (சிரிப்பு)

அதுக்கப்புறம் செயற்கைக் கையிலே பனிக்கோடரி மாட்டிக்கிட்டு மலையேறினார். கொலராடோவிலே 14,000 அடிக்கு மேல 59 சிகரம். அத்தனையையும் தனி ஆளா, குளிர்காலத்திலே ஏறணும்னு விபத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்ச வேலை. பாதியிலே விட்டாரா? 2005-லே முடிச்சார். (பலத்த கைதட்டல்)

இதை ஏன் இவ்வளவு பேசுறேன்னா, எனக்கும் இதிலே ஒரு கணக்கு இருக்குங்க. மூணு வருஷம் முன்னாடி எங்க ஊர் ரயில்வே கேட் வளைவிலே ஸ்கூட்டரோட விழுந்தேன். காலிலே பிளேட். அன்னையிலேர்ந்து வண்டியைத் தொடலை. அந்த வளைவு வரும்னு பஸ்ஸிலே கூட ஜன்னல் ஓரம் உட்கார மாட்டேன். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு என் மனைவி நடந்தே கூட்டிட்டுப் போவா. நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருப்பேன். அந்த வெட்கம் இருக்கே ஐயா, அது கால்வலியை விடக் கொடுமை.

ரால்ஸ்டன் கதை 2010-லே '127 அவர்ஸ்'னு படமா வந்தது. நம்ம ஏ.ஆர். ரகுமான் இசை. ஒருநாள் வீட்ல எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கையை அறுக்கிற காட்சியிலே நான் கண்ணை மூடிக்கிட்டேன். படம் முடிஞ்சதும் என் மனைவி ஒரு வார்த்தை பேசலை. உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்துட்டு வந்து மேஜை மேல வச்சா.

மறுநாள் அந்த வளைவுக்குப் போனோம். பின்னாடி அவ. கை நடுங்குது. 'மெதுவாப் போங்க, நான் இருக்கேன்'னா. கேட் தாண்டி வண்டியை நிறுத்திட்டு ரெண்டு பேரும் டீ குடிச்சோம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டா: 'ஹெல்மெட் இல்லாம, சொல்லாம எங்கேயும் போகக் கூடாது.'

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடுறேன். இந்த மேடைக்கும் ஸ்கூட்டர்லதான் வந்தேன். எங்கே போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். (கைதட்டல்)