மண்ணைச் சுத்திகரிக்கும் பணியை எவரிடம் ஒப்படைப்பது?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஜமாஅத்திற்கு நன்கொடையாகக் கிடைத்த பழைய டேனரி மனையில் மக்தப் கட்டிடம் எப்போது எழும் என்று உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். இவ்வாண்டுக் கணக்கில் அம்மனைக்குக் கட்டுமானச் செலவு ஏதும் இல்லை. மண், நீர்ப் பரிசோதனைச் செலவு மட்டுமே உள்ளது. அதன் காரணத்தைச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

அம்மனையில் தோல் பதனிட்ட தொட்டிகள் இன்றும் புதைந்து கிடக்கின்றன. முற்காலத்தில் சோடியம் பைகுரோமேட்டை அமிலத்துடனும் வெல்லப்பாகுடனும் சேர்த்துக் குரோம் சாற்றை டேனரியிலேயே தயாரித்ததை மூத்தவர்கள் அறிவார்கள். அந்தப் பைகுரோமேட்டில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அது நீரில் எளிதில் கரைந்து நெடுந்தூரம் செல்லும். புற்றுநோயை உண்டாக்க வல்லது. பதனிடுதல் முடிந்தபின் எஞ்சும் மூன்று இணைதிறன் குரோமியமோ பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், நச்சும் குறைவு. மண்ணில் குரோமியம் உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தக் குரோமியம் என்று கேட்க வேண்டும். இதைக்கூட நாங்கள் தாமதமாகவே கற்றோம்.

முதலில் எங்களை அணுகிய ஒரு நிறுவனத்தார், ஓரடி மேல்மண்ணை அகற்றிச் செம்மண் நிரப்பி 45 நாளில் மனையைத் தருவதாகச் சொன்னார்கள். தொகையும் நம் சக்திக்கு உட்பட்டதாகவே இருந்தது. கையொப்பமிடும் நிலைக்கு வந்துவிட்டோம். அப்போது குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், “அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள்?” என்று கேட்டார். “அது எங்கள் பொறுப்பு” என்றார்கள். மும்முறை கேட்டும் இடத்தின் பெயர் வரவில்லை. நம் பிள்ளைகளின் காலடியிலிருந்து அகற்றிய நஞ்சை இரவோடு இரவாக வேறொருவர் ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, அதன்மேல் மக்தப் கட்டுவதா? அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டோம். அபாயகரமான கழிவை அனுமதி பெற்ற சேமக்கிடங்கிற்கு மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். தமிழகத்தில் கும்மிடிப்பூண்டியில் அத்தகைய கிடங்கு உண்டு. லாரியுடன் செல்லும் ஆவணச்சீட்டின் நகலும், கிடங்கில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் கையில் வந்த பின்னரே பணம் என்பது இனி நம் நிபந்தனை.

கழிவை ஓரிடத்தில் குவித்துவிட்டு மறந்தால் என்னாகும் என்பதற்கு இராணிப்பேட்டையே சான்று. 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. மழை பெய்யும்போதெல்லாம் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது.

அடுத்து நாங்கள் எடுத்த முடிவு, பரிசோதிப்பவர் வேறு, சுத்திகரிப்பவர் வேறாக இருக்க வேண்டும் என்பதாகும். மருந்து விற்பவரே நோயைக் கண்டறிந்தால் நோய் பெரிதாகவும் இருக்கலாம், மிகச் சிறிதாகவும் இருக்கலாம். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் மூலம் 12 இடங்களில் வெவ்வேறு ஆழங்களில் மண் எடுக்கச் செய்தோம். தொட்டிகளுக்குக் கீழே ஓரடியில் அல்ல, ஓராள் ஆழத்திலும் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தது. 45 நாள் திட்டம் அதைத் தொட்டே இருக்காது.

எந்த அளவு வரை சுத்திகரிப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எண்ணாக எழுத வேண்டும். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் மண்ணில், கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற வரம்பு போதுமா என்பதிலேயே ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். குழந்தைகள் அமரும் இடத்திற்குத் தொழிற்பேட்டைக்குரிய அளவு பொருந்தாது.

நிலத்தடி நீரின் சங்கதி இன்னும் கடினமானது. நீரை இறைத்து, நம் ஊர்க்கடைகளில் கிடைக்கும் அன்னபேதி போன்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக மாறிப் படிந்துவிடும். ஆனால் இறைப்பதை நிறுத்தியதும் மண்ணில் ஒட்டியிருந்தது மெல்லக் கரைந்து மீண்டும் நீரில் ஏறும். எனவே ஓரிரு பருவமழை கடந்து கண்காணிப்புக் குழாய்களில் சோதித்த பின்னரே இறுதித் தவணை தர வேண்டும். அமெரிக்காவின் எலிசபெத் நகரில் 1996இல் 46 மீட்டர் நீளத்தில் இரும்புத்தூள் சுவரை நிலத்துக்குள் எழுப்பி, அதன் வழியே ஊறும் நீர் தானாகவே சுத்தமாகும்படி செய்தனர். நம் சிறு மனைக்கு அது தேவையா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

உப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தோலைக் கெடாமல் வைக்கப் பயன்படுத்திய உப்பு கிணற்றில் கலந்துள்ளது. அன்னபேதி அதற்கு மருந்தல்ல. ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால் நல்ல நீரோடு கடும் உப்புநீரும் மிஞ்சும். அதை எங்கே விடுவது? ஆகவே அந்தக் கிணற்றை மீட்டுத் தருவதாக நாங்கள் வாக்களிக்கவில்லை. எவரேனும் மீட்டுத் தருவதாகச் சொன்னால் நம்பவும் மாட்டோம்.

மாசு வாரியத்திற்கு எழுதினால் நன்கொடை தந்த வாரிசுகளுக்குச் சங்கடம் வருமே என்று சிலர் தயங்கினீர்கள். பாலாற்றங்கரை டேனரிகள் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மாசடைந்த நிலங்களுக்கான விதிகளும் அதையே அடிப்படையாகக் கொண்டவை. தயக்கம் நியாயமானதே. இந்தத் தொழிலால் நம் மஹல்லாவில் உண்ணாத வீடு ஏது? ஆயினும் வாரிசுகளை நேரில் கண்டு பேசினோம். தங்கள் தகப்பனார் பெயரால் தந்த நிலம் எவருக்கும் தீங்காக வேண்டாம், எழுதுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். கடிதம் அனுப்பப்பட்டுவிட்டது. நீரோட்டம் செல்லும் திசையில் உள்ள தோட்டக்காரர்களுக்கும் பரிசோதனை முடிவைக் கொடுத்து, அவர்களுடைய கிணறுகளிலும் நீர் எடுக்கச் செய்துள்ளோம்.

இப்போதைக்கு மனையைச் சுற்றி வேலி இடப்பட்டுள்ளது, கிணறு பூட்டப்பட்டுள்ளது. எவரும் அங்கே ஆழ்துளைக் கிணறு போடவோ, வீட்டுத் தேவைக்கு மண் எடுக்கவோ வேண்டாம். மக்தப் வழக்கம்போல் பள்ளிவாசல் மாடியிலேயே நடைபெறும். ஆய்வக அறிக்கையும் புதிய ஒப்பந்தத்தின் வரைவும் ஜமாஅத் அலுவலகத்தில் உள்ளன. அஸர் தொழுகைக்குப் பின் வந்து படித்துப் பார்த்து, ஆட்சேபம் இருப்பின் எழுத்துமூலம் தாருங்கள்.